கொலையாளி யாரென்று தெரிந்தபின்தான் கதையே ஆரம்பம்

துப்பறியும் கதை என்றால் கொலையாளி யாரென்று கடைசிவரை மூடி வைக்க வேண்டும் என்று யார் விதி போட்டார்களோ, 'கொலம்போ' தொடர் அதைத் தூக்கிக் கடாசிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே கொலை நம் கண்ணெதிரே நடந்துவிடும். யார் செய்தார், எதற்குச் செய்தார், தடயத்தை எப்படி மறைத்தார், எல்லாம் நமக்கு அத்துப்படி. துப்பறியும் போலீஸ் அதிகாரி கொலம்போவுக்குத்தான் தெரியாது. அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் எழுந்திருக்க விடாமல் நம்மை உட்கார வைக்கிறார்களே, அந்த வித்தைக்கு நான் அடிமை!

'பாபநாசம்' பார்த்தவர்களுக்கு இந்த ருசி ஓரளவு பிடிபடும். சுயம்புலிங்கத்தின் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மாட்டுவாரா மாட்டாரா என்பதுதான் பதைப்பு. அங்கே நம் மனசு குற்றத்தை மறைப்பவர் பக்கம். இங்கே போலீஸ்காரர் பக்கம்.

என்ன மாதிரிப் போலீஸ்காரர்! இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். கொலை செய்பவர்கள் எல்லாரும் பெரிய இடத்து ஆட்கள்: அறுவை சிகிச்சை நிபுணர், இசைக்குழு நடத்துநர், பிரபல எழுத்தாளர். அவர்களுடைய மாளிகை வாசலில் ஒரு பழைய பெஜோ 403 கார் முனகிக்கொண்டு வந்து நிற்கும். கசங்கிப்போன மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாக ஒருவர் இறங்குவார். குறிப்பெடுக்கப் பென்சில் இருக்காது. பாக்கெட்டையெல்லாம் துழாவிவிட்டு, கொலைகாரரிடமே இரவல் கேட்பார். என் மனைவி உங்கள் பரம ரசிகை சார் என்பார். அந்த மனைவியை இந்தத் தொடரில் ஒருநாளும் நாம் பார்ப்பதில்லை. இவனா நம்மைப் பிடிக்கப் போகிறான் என்று எதிராளிக்கு ஒரு இளக்காரம் வந்துவிடும். விடைபெற்றுக் கதவுவரை போவார். நிற்பார். நெற்றியில் கை வைத்தபடி திரும்புவார். ஒரே ஒரு சின்ன விஷயம் சார்... அவ்வளவுதான், ஆசாமிக்கு முகம் வெளிறிவிடும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, பஞ்ச் டயலாக் இல்லை. பணிவு மட்டும்தான்.

பீட்டர் ஃபால்க்கைத் தவிர இன்னொருவரை இந்த வேடத்தில் என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் முதலில் யோசித்தவர்களில் ஒருவர் பாடகர் பிங் கிராஸ்பி. நல்லவேளை, அது நடக்கவில்லை. ஃபால்க்குக்கு மூன்று வயதிலேயே ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண் செயற்கைக் கண். அந்தச் சாய்ந்த பார்வைதான் கொலம்போவின் பார்வை. அந்த மழைக்கோட்டும் அவர் சொந்தக் கோட்டு.

1971-இல் வந்த 'மர்டர் பை த புக்' எபிசோடை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க். அப்போது அவருக்கு வயது 24. ஆரம்பக் காட்சியை மட்டும் பாருங்கள். சாலையில் ஒரு கார் வருகிறது. இன்ஜின் சத்தம் கிடையாது. டைப்ரைட்டர் தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. உயரமான கட்டடத்தில் ஓர் எழுத்தாளர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். காரில் வருகிறவர் அவரோடு சேர்ந்து எழுதுகிற கூட்டாளி. வசனம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த எழுத்தாளருக்கு என்னவோ ஆகப்போகிறது என்று வயிற்றைப் பிசைகிறது. நான்கு வருஷம் கழித்து 'ஜாஸ்' எடுக்கப்போகிற ஆள் அந்த டைப்ரைட்டர் ஓசையிலேயே தெரிந்துவிடுகிறார்.

ஆனால் என் மனசுக்கு முதலிடம் 1973-இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்'. டொனால்ட் பிளசன்ஸ் ஒயின் தயாரிக்கும் ஏட்ரியன் கார்சினியாக வருகிறார். உலகில் அவருக்கு ஒயினைத் தவிர வேறு காதல் கிடையாது. திராட்சைத் தோட்டத்தை மலிவுச் சரக்கு தயாரிப்பவர்களுக்கு விற்கப்போகிறேன் என்று மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சொன்னதும் ஆத்திரத்தில் அடித்து வீழ்த்திவிடுகிறார். மயங்கிக் கிடப்பவரை நிலவறையில் கட்டிப்போட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, நியூயார்க்குக்குக் கிளம்பிப் போகிறார். அவர் இல்லாத நாட்களில் ஒருநாள் ஊரே வெயிலில் வெந்துபோகிறது. நிலவறையில் இருந்த அருமையான ஒயின்களுக்கு என்ன ஆகியிருக்கும்? முடிச்சு அதில்தான் இருக்கிறது, அவிழ்க்க மாட்டேன். ஒயினைப் பற்றி எதுவும் தெரியாத கொலம்போ அதை ஒரு பாடமாகவே எடுத்துப் படிக்கிறார். கடைசியில் கைதியைக் காரில் அழைத்துப் போகிறபோது வழியில் நிறுத்தி, இரண்டு கோப்பை எடுத்து, தானே தேர்ந்தெடுத்த ஒயினை ஊற்றிக் கொடுக்கிறார். கார்சினி அதைப் பார்த்துவிட்டு, நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று பாராட்டுகிறார். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒருவரையொருவர் மதிக்கிற அந்த நிமிஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் இதே கதைதான்.

பேட்ரிக் மெகூஹன் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து எம்மி விருது வாங்கிய 'பை டான்ஸ் எர்லி லைட்' எனக்கு அடுத்தது. ஒரு ஜாடி சைடரை வைத்தே கொலம்போ ஆளை மடக்குகிறார்! ஜானி கேஷ் பாடகராகவே வரும் 'சுவான் சாங்'கையும் விட்டுவிடாதீர்கள். 'லாஸ்ட் சல்யூட் டு த கமடோர்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அதில் கொலையாளியைக் கடைசிவரை மறைத்தார்கள். தொடரின் உயிரே போய்விட்டது. 1989-இல் மறுபடி ஆரம்பித்து 2003 வரை வந்தவற்றில் பழைய மெருகு குறைவு. ஆனாலும் ஃபால்க் திரையில் இருக்கும்வரை என் கை ரிமோட் பக்கம் போகாது. ஃபால்க்கின் மேல் பித்துப் பிடித்தவர்கள் விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தையும் பார்த்தாக வேண்டும். அதில் அவர் தன் சொந்தப் பெயரிலேயே பெர்லின் தெருக்களில் நடக்கிறார். தேவதையாக இருந்து மனிதராக இறங்கி வந்தவராம். நான் அப்படியே நம்பிவிட்டேன்.

தொடர் எழுபதுகளுடையதாயிற்றே, மெதுவாகப் போகுமோ என்று தயங்காதீர்கள். ஓய்வாக இருக்கிற ஒரு ராத்திரி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 'எனி ஓல்ட் போர்ட்' போட்டுப் பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை இணையத்தில் அதன் கதைச் சுருக்கத்தை மட்டும் தேடிப் படித்துவிடாதீர்கள்.