கதவிடுக்கில் ஒரு ஜிம்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய ஜிம்கள் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10 அன்றுதான் மறுபடி திறந்தன. இடைப்பட்ட மாதங்களில் டம்பெல்லுக்கு எங்கும் தட்டுப்பாடு. தண்ணீர் கேனையும் அரிசி மூட்டையையும் தூக்கிச் சமாளித்தவர்கள் ஏராளம். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் பைசா செலவில்லை; மார்பு, தோள், தொடைக்கு அவையே போதும்.

முதுகுக்குத்தான் வழியில்லை. முதுகுத் தசை வேலை செய்ய எதையாவது இழுக்க வேண்டும். சாதாரண வீட்டில் இழுக்க என்ன இருக்கிறது? கட்டிலில் சாய்ந்தபடி நாள் முழுக்க லேப்டாப்பில் அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு முதலில் பிடித்துக்கொண்டதும் கழுத்தும் மேல்முதுகும்தான். ரெசிஸ்டன்ஸ் ட்யூப் செட்டுக்குப் பணம் கொடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் செட்டில் 5 ரப்பர் குழாய்கள், இரண்டு கைப்பிடிகள், கணுக்கால் பட்டை, கதவில் மாட்டும் நாடா எல்லாம் ஒரு சுருக்குப் பைக்குள் அடங்கிவிடும். குழாயின் நுனியில் உள்ள கொக்கியைக் கைப்பிடியில் மாட்டினால் தயார். கனம் போதவில்லையா, இன்னொரு குழாயையும் சேர்த்து மாட்டலாம். குதிக்கிற வேலையில்லாததால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தொந்தரவில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 150 பவுண்டை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 10, 20, 30, 40, 50 என்று ஐந்து குழாய்களையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. வீட்டிலிருக்கும் கொக்கித் தராசை ஒரு குழாயில் மாட்டி இழுத்தால் விஷயம் விளங்கிவிடும். தொய்வாக இருக்கும்போது எண் அசைவதில்லை. இழுக்க இழுக்க ஏறுகிறது. டம்பெல்லுக்கு எப்போதும் ஒரே எடை, ரப்பருக்கு அப்படியல்ல. அதனால் கதவிலிருந்து தள்ளி நின்று, குழாய் விறைப்பானதும் தொடங்க வேண்டும். பலன் குறையுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. 8 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த அலசல் ஒன்று, ரப்பரும் இரும்பும் தசை வலிமையை ஏறக்குறைய ஒரே அளவில் கூட்டுவதாகச் சொல்கிறது.

கதவு விஷயத்தில் ரொம்பவே கவனம் வேண்டும். நாடாவின் ஒரு முனையில் தடித்த உருளை இருக்கும். அது அந்தப் பக்கமும் வளையம் இந்தப் பக்கமும் இருக்கும்படி கதவைச் சாத்த வேண்டும். படுக்கையறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதென்றால் ஹாலில் நின்றுதான் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் கதவை நிலையோடு இறுக்கும். அறைக்குள் நின்று இழுத்தால் தாழ்ப்பாள்தான் ஒரே காவல். அது விட்டால் கதவு முகத்துக்கு வரும். குளியலறையின் பிளாஸ்டிக் கதவு வேண்டவே வேண்டாம்.

முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகள் நெருங்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் விட வேண்டும். பன்னிரண்டாவது முறையில் முதுகு தன் இருப்பைச் சொல்லிவிடும்.

ரப்பருக்கு வெயில் ஆகாது. மொட்டைமாடியில் மறந்து போட்டால் சீக்கிரம் வெடிக்கும். கொக்கியை ஒட்டிய பகுதியை இழுப்பதற்கு முன் விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். சின்ன வெடிப்பு தட்டுப்பட்டாலும் அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கும்போதே லேபிளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு செட் கட்டுப்படியாகாதவர்கள் நடுத்தரக் குழாய் ஒன்றையும் கதவு நாடாவையும் மட்டும் தனியாக வாங்கலாம். முதுகுக்கு அவை போதும். மற்றதைத் தண்டாலும் பஸ்கியும் பார்த்துக்கொள்ளும்.