எண்ணெய்க்கு உணவு: ஈராக்கில் நடந்தது

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி ஈராக்கின் வணிகத்தை முடக்கிவிட்டது. தன் உணவில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்கிவந்த நாடு அது. எண்ணெயை விற்று உணவு வாங்கிக்கொள்ளலாம் என்று 1991இலேயே அவை முன்வந்தது. இறையாண்மை போய்விடும் என்று சதாம் உசேன் அரசு மறுத்தது. அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் மக்கள். 1995இல் 986ஆம் தீர்மானம் வந்து, மறு ஆண்டு உடன்பாடு கையெழுத்தாகி, முதல் உணவுச் சரக்கு போய்ச் சேர்ந்தபோது 1997 மார்ச் ஆகிவிட்டது.

'எண்ணெய்க்கு உணவு' எனப்பட்ட இத்திட்டம் பசியைக் குறைத்தது. அதில் எனக்கு ஐயம் இல்லை. கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், பருப்பு, பால்பவுடர், சோப்பு எல்லாம் குடும்ப அட்டைக்கு மாதாமாதம் கிடைத்தன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் முகவர்கள் தெருத்தெருவாக இவற்றை வழங்கினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு 1996க்கும் 2002க்கும் இடையில் பாதியானது என்பது ஐ.நா.வின் கணக்கு. போரும் தடையும் சிதைத்த நாட்டில் இதைச் சாதித்தது எளிய காரியமல்ல.

ஆனால் யார் வீட்டுப் பணத்தில் இது நடந்தது? ஈராக் எண்ணெயை விற்று வந்த பணம் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு வங்கிக் கணக்கில் சேர்ந்தது. அதில் 30 விழுக்காடு, 2000 டிசம்பருக்குப் பின் 25 விழுக்காடு, குவைத் போரின் இழப்பீட்டுக்குப் போனது. அந்த இழப்பீட்டைப் பெற்றவர்களில் பெரும் எண்ணெய் நிறுவனங்களும் உண்டு. குழந்தைகளுக்கு மருந்து போதாத நாட்டிடம் முதல் தவணையிலிருந்தே இதைப் பிடித்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, நிறுத்திவைப்பு. கொள்முதல் ஒப்பந்தங்கள் 661ஆம் தீர்மானம் அமைத்த தடைக் குழுவின் மேசைக்கு வரும். ஓர் உறுப்பு நாடு மறித்தாலே போதும். ஆயுதத்துக்கும் பயன்படலாம் என்ற சந்தேகத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் குடிநீர், மின்சாரம் தொடர்பான உதிரிபாகங்களை மாதக்கணக்கில் நிறுத்தின. 2002 நடுவில் முடங்கிக் கிடந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது. உணவு வந்தது, அதைச் சமைக்கத் தூய தண்ணீர் வரவில்லை. பாக்தாதில் மனிதநேயப் பணியை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000இலும் பதவி விலகியதற்குத் தடையால் மக்கள் பட்ட வேதனைதான் காரணம்.

பலர் கவனிக்காத குறை இன்னொன்று. நாட்டின் நடுப்பகுதிக்கும் தெற்குக்கும் ரொக்கம் கிடையாது, இறக்குமதிச் சரக்கு மட்டுமே. ஈராக் விவசாயியின் கோதுமையை எண்ணெய் விற்ற பணத்தில் வாங்க முடியாது. இலவசத்துக்கு நிகரான விலையில் வெளிநாட்டு மாவு வந்து குவிந்தால் உள்ளூர் விளைச்சலை யார் வாங்குவார்? ஆசிரியருக்குச் சம்பளமும் இதிலிருந்து தர முடியாது. மக்கள் உண்டார்கள், சம்பாதிக்கவில்லை. அட்டையும் பட்டியலும் அரசின் கையில் இருந்ததால் குடும்பங்கள் அரசை இன்னும் இறுகப் பற்ற வேண்டியதாயிற்று. தடையால் ஆட்டம் காண வேண்டிய அரசுக்கு அது கூடுதல் பலம்.

ஊழல் கதைதான் உலகம் அறிந்தது. எண்ணெயை யாருக்கு விற்பது, சரக்கை யாரிடம் வாங்குவது என்ற தேர்வு ஈராக் அரசிடமே விடப்பட்டது. ஓட்டை அங்கேதான். 2000இலிருந்து பீப்பாய்க்கு இத்தனை சென்ட் என்று மறைமுகக் கட்டணமும், சரக்கு விலையில் பத்து விழுக்காடு 'சேவைக் கட்டணமும்' வசூலானது. திட்டத்தை விசாரித்த பால் வோல்கர் குழு 2005 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, 2,200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் சிக்கியதாகவும் சதாம் அரசு 180 கோடி டாலர் பெற்றதாகவும் சொன்னது. அறிக்கையில் தன் பெயரும் இடம்பெற்றதால், குற்றச்சாட்டை மறுத்தபோதும், இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்த நட்வர் சிங் அத்துறையை இழந்து அமைச்சரவையிலிருந்தும் விலக நேர்ந்தது. திட்டத்துக்கு வெளியே ஜோர்டான், துருக்கி, சிரியா வழியாகப் போன எண்ணெயின் வருமானம் இதைவிடப் பன்மடங்கு. அது பாதுகாப்பு அவைக்குத் தெரியாமல் நடந்ததல்ல. கூட்டாளி நாடுகளின் வசதிக்காகக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களே பிறகு ஐ.நா. அலுவலகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

2022 டிசம்பரில் வந்த பாதுகாப்பு அவையின் 2664ஆம் தீர்மானம், ஐ.நா. சொத்து முடக்கங்களிலிருந்து மனிதநேய உதவிக்குப் பொது விலக்கு தந்தது. நல்ல திருத்தம். ஆனால் தடைக்குள்ளான நாடு தன் வளத்தை விற்ற பணம் யார் கணக்கில் இருக்கும், அதில் உள்ளூர் விளைச்சலை வாங்கலாமா, சம்பளம் தரலாமா என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. அடுத்த தடையை எழுதுகிறவர்கள் முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டிய விதிகள் இவை.