முற்றங்களின் கோட்டை

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், பழைய பிங்யாவ் நகருக்கு அருகே இருக்கிறது சியாவ் குடும்ப மாளிகை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு என்றே தோன்றாது. தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத, 10 மீட்டருக்கு மேல் உயர்ந்த சாம்பல் நிறச் செங்கல் சுவர். வாசலைத் தாண்டினால்தான் முற்றத்துக்குள் முற்றமாக வீடு விரிகிறது. ஆறு பெரிய முற்றங்கள், இருபது சிறிய முற்றங்கள், 313 அறைகள்.

கூரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பல கட்டடங்களுக்கு ஒரே பக்கச் சரிவுதான், அதுவும் உள்நோக்கி. மழைநீர் முழுக்க முற்றத்தில்தான் விழும். வறண்ட ஷான்சியில் தண்ணீர் செல்வம்; வீட்டுச் செல்வம் வெளியே போகக் கூடாது என்பது நம்பிக்கை. ஓங்கிய பின்சுவர் திருடனையும் புழுதிக் காற்றையும் தடுத்தது.

வாசலுக்கு எதிரே நிற்கும் திரைச்சுவரில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் ஒரே எழுத்தை நூறு வடிவங்களில் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை.

வறுமையில் ஊரைவிட்டுப் போய் வியாபாரத்தில் தலையெடுத்தவர் சியாவ் குய்ஃபா. அவர் வழிவந்தவர்கள் வங்கித் தொழிலிலும் கொடிகட்டிப் பறந்தார்கள். 1991இல் வெளிவந்த, இயக்குநர் ஜாங் யீமோவின் ‘ரெய்ஸ் தி ரெட் லான்டர்ன்’ படம் இங்கேதான் எடுக்கப்பட்டது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சிவப்பு விளக்குகளையே தேடுகிறார்கள். உண்மையான அழகு செங்கல்லில்தான் இருக்கிறது.