கோப்பையைத் தீர்மானிக்கும் இரட்டையர் ஆட்டம்

பில்லி ஜீன் கிங் கோப்பையில் நான் காத்திருந்து பார்ப்பது கடைசி இரட்டையர் ஆட்டத்தைத்தான். கிராண்ட்ஸ்லாம்களில் இரட்டையர் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஓரத்து மைதானமும் காலி இருக்கைகளும்தான் கிடைக்கும். நாடுகள் மோதும் மகளிர் போட்டியிலோ, ஒற்றையர் ஆட்டங்கள் சமனில் முடிந்துவிட்டால் கோப்பையே அந்த ஜோடியின் கையில்.

முதல் ஆண்டே அப்படித்தான் ஆனது. ஆண்களுக்கு டேவிஸ் கோப்பை 1900-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் வைட்மன் 1919-ல் கேட்டார், நடக்கவில்லை. 1923 முதல் அவர் பெயரில் நடந்த கோப்பையில் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டுமே ஆடின. 1963-ல்தான் லண்டன் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகளுடன் ஃபெடரேஷன் கோப்பை பிறந்தது. இறுதிப் போட்டியில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஆளுக்கொரு ஒற்றையரை வென்றிருந்தன. இரட்டையரில் டார்லீன் ஹார்டும் 19 வயது பில்லி ஜீன் மொஃபிட்டும் மார்கரெட் ஸ்மித் – லெஸ்லி டர்னர் ஜோடியிடம் முதல் செட்டை இழந்தார்கள். டைபிரேக்கர் இல்லாத காலம். இரண்டாவது செட் 13-11 வரை இழுத்தது. மூன்றாவது 6-3. கோப்பை அமெரிக்காவுக்கு. அந்த மொஃபிட்தான் பின்னாளில் பில்லி ஜீன் கிங்; 2020-ல் கோப்பைக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆடுகின்றன.

இந்த ஆட்டத்தை ரசிக்க, பந்தை விட்டுவிட்டு வலையருகே நிற்பவரைப் பாருங்கள். சர்வ் போடுவதற்கு முன் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி நீட்டித் தோழிக்குச் சொல்வார்: குறுக்கே பாய்வேன், அல்லது இருந்த இடத்திலேயே நிற்பேன். எதிரணியின் கண் அவர் தோளின் சிறு அசைவைத் தேடும். ஒரு அடி முந்திப் பாய்ந்தால் அவர் விட்ட பக்கம் திறந்துவிடும். பிந்தினால் பந்து கடந்துவிடும். மைதானத்திலேயே அமர்ந்திருக்கும் கேப்டன், இடைவேளையில் குனிந்து இரண்டு வார்த்தை சொல்வார். ஆட்டத்தின் போக்கு மாறும்.

2016 இறுதிப் போட்டி, ஸ்ட்ராஸ்பர்க். பிரெஞ்சு ரசிகர்கள் நிறைந்த அரங்கு. செக் வீராங்கனை கரோலினா பிளிஷ்கோவா முதல் நாள் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சை மூன்றாவது செட்டில் 16-14 என்று வென்றார். மறுநாள் ஒற்றையரில் கரோலின் கார்சியாவிடம் தோற்றார். அன்றைய முறைப்படி நான்கு ஒற்றையரும் முடிந்தபோது 2-2. களைப்போடு பார்பரா ஸ்ட்ரிகோவாவுடன் மீண்டும் இறங்கினார். எதிரே கார்சியாவும் மிளாடெனோவிச்சும், அந்த ஆண்டின் பிரெஞ்சு ஓபன் இரட்டையர் சாம்பியன்கள். உயரமான பிளிஷ்கோவாவின் சர்வ், வலையருகே ஸ்ட்ரிகோவாவின் துடிப்பு, 7-5, 7-5. செக் அணிக்குக் கோப்பை. அந்த மாலைக்கு இணையான இறுதியை நான் பார்த்ததில்லை.

நமக்கும் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில், துபாயில் இந்தோனேசியாவுடன் 1-1 என்ற நிலையில் சானியா மிர்சாவும் அங்கிதா ரெய்னாவும் இரட்டையரை வென்று, இந்தியாவை முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது இறுதிச் சுற்றில் ஒரு மோதலுக்கு இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். இறுதிச் சுற்றைப் பொது ஊர் ஒன்றில் நடத்துவதால் ஸ்ட்ராஸ்பர்க்கின் அந்த ஆரவாரம் குறைந்தது எனக்கு வருத்தமே. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு எடை இரட்டையருக்கு வந்திருப்பது நல்ல மாற்றம். அடுத்த முறை 1-1 என்று திரையில் கண்டால், டிவியை அணைத்துவிடாதீர்கள்.