எழுத்தும் சித்திரமும்

கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் எழுத்து, எண், ஜாதகக் கட்டம் எல்லாம் உண்டு, வாசிக்கத்தான் முடியாது. பார்த்தால் மலையாளம் போலிருக்கும், மலையாளம் அல்ல. எழுத்தை நன்கு அறிந்ததால்தான் அதைச் சித்திரமாக்கும் துணிச்சல் அவருக்கு வந்தது என்பேன்.

2001-இல் சுரங்கம் மூடிய நம் தங்கவயலில், பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். என் பேத்தி, என் அப்பாவின் சம்பளச் சீட்டு நகல், துணி, கோலமாவு எல்லாம் ஒட்டி ஒரு படம் செய்தாள். ஓரமெல்லாம் தமிழ் எழுத்து.

"என்னம்மா எழுதியிருக்கே?"

"சும்மா டிசைன் தாத்தா!"

படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பணிக்கர் தெரிந்தே கைவிட்டது இவளுக்குக் கிடைக்கவே இல்லையே! சீட்டிலிருந்த தமிழ்க் கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். மறுவாரம் படத்தின் நடுவில் அந்தப் பெயர் ஏறியிருந்தது, ஒரு துணைக்கால் குறைவாக.