மூலிகைப் பெயர்ப்பட்டியல்களும் சமன்பாட்டுச் சிக்கலும்: ஒரு மொழியியல் திறனாய்வு

0. முன்னுரை

சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளைச் சார்ந்த நூல்களின் இறுதியில் மூலிகைப் பெயர்ப்பட்டியல் ஒன்றை இணைப்பது வழக்கம். வடமொழிப் பெயர், தமிழ்ப் பெயர், மராத்திப் பெயர், இந்திப் பெயர், இலத்தீன் தாவரவியற் பெயர் என அடுத்தடுத்த நிரல்களில் சொற்கள் நிறுத்தப்பெறும். நிரல்களுக்கிடையே சமக்குறி அச்சிடப்படுவதில்லை. எனினும் படிப்போர் அக்குறி அங்கு இருப்பதாகவே கொள்கின்றனர். மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே கொண்டு ஒரு நிரலின் சொல்லுக்கு மறுநிரலின் சொல்லை இட்டுவிடுகின்றனர். இச்சமன்பாடு எந்த அளவிற்கு ஏற்புடையது என்பதையும், ஏற்புடையதாகாத இடங்களில் நேரும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வாய்வுக்குப் புணே நகரின் ஔந்த் பகுதி ஏற்ற களமாக அமைகின்றது. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் வழங்கும் இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அருகிலுள்ள கட்கி படைக்குடியிருப்பில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இங்கு மூலிகை வாங்கும் ஒரு தமிழர், தாம் அறிந்த பெயரை மற்றொரு மொழியின் பெயராக ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார். பட்டியலின் சமன்பாடு இங்கு நாள்தோறும் சோதனைக்குள்ளாகிறது எனலாம்.

1. ஒரு பெயர், இரு செடிகள்

முதலில் பிராமி என்னும் பெயரைக் காண்போம். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் பிராமி என்பதைப் பக்கோபா மொன்னியெரி என்றும், மண்டூகபரணி என்பதைச் சென்டெல்லா ஏசியாட்டிகா என்றும் வரையறுக்கின்றது. தமிழில் முன்னது நீர்ப்பிரமி, பின்னது வல்லாரை. தமிழ் வழக்கில் இவ்விரண்டும் மயங்குவதில்லை. ஆனால் மகாராட்டிரத்திலும் வட இந்தியாவின் பல பகுதிகளிலும் பிராமி என்னும் சொல் பேச்சு வழக்கில் பெரும்பாலும் வல்லாரையையே குறிக்கின்றது. எனவே ஔந்தில் பிராமி என்று கேட்டு வாங்கிய செடி வல்லாரையாக இருத்தல் இயல்பே. அதே பெயரில் ஏற்றுமதி செய்யப்படும் கேப்சூல்களில் பெரும்பாலும் பக்கோபாவின் சாறு இடம்பெறுகின்றது.

இங்கு எவரும் பிழை செய்யவில்லை என்பது கருதத்தக்கது. மராத்தியருக்கு அச்சொல்லின் சுட்டுப்பொருள் ஒன்று. மருந்தியல் நூலுக்கு மற்றொன்று. பட்டியலோ சொல்லை மட்டும் காட்டி, அது எவருடைய வழக்கு என்பதைக் காட்டாமல் விடுகின்றது. மராத்தி நூலொன்றில் வரும் பிராமியைத் தமிழில் பிரமி என்று ஒலிபெயர்த்தால் ஒலி சரியாக அமையும், செடி மாறிவிடும். வல்லாரை என்று பெயர்த்தால் பேச்சுவழக்கிற்குப் பொருந்தும். நூலாசிரியர் மருந்தியல் நூலைப் பின்பற்றியவராயின் அதுவும் பிழையாகும்.

2. ஒலியொப்புமை தரும் மயக்கம்

சங்கபுஷ்பி என்னும் வடசொல்லைத் தமிழாக்குவோர்க்குச் சங்குப்பூ என்னும் சொல் உடனே கைகொடுக்கின்றது. சொற்பொருளும் ஒத்திருக்கின்றது. ஆனால் தமிழில் சங்குப்பூ, காக்கணம் எனப்படுவது அவரைக் குடும்பத்தைச் சார்ந்த கிளிட்டோரியா டெர்னேட்டியா. ஆயுர்வேத மருந்தியல் நூலின் சங்கபுஷ்பியோ கன்வால்வுலஸ் பேரினத்தைச் சார்ந்த, தரையிற் படரும் செடி. கேரள வழக்கில் சங்கபுஷ்பி என்பது கிளிட்டோரியாவாகவே கொள்ளப்படுகின்றது. வங்காளத்தில் கான்ஸ்கோரா இனச் செடி அப்பெயரைப் பெறுகின்றது. எவால்வுலஸ் அல்சினாய்டிஸ் என்னும் விஷ்ணுகிரந்தியும் சில இடங்களில் அப்பெயரில் விற்கப்படுகின்றது. ஆக ஒரு பெயரின்கீழ் நான்கு பேரினங்கள் நிற்கின்றன.

விஷ்ணுகிரந்தி என்னும் வடிவமும் மொழியியலார் நோக்கத்தக்கது. விஷ்ணுகிராந்தா என்னும் வடசொல்லே தமிழில் இவ்வாறு திரிந்துள்ளது. கிராந்தா என்பது அடியெடுத்து வைத்தலைக் குறிப்பது; கிரந்தி என்பதோ தமிழ் மருத்துவத்தில் ஒரு நோய்ப்பெயர். கேட்போர் தாம் அறிந்த சொல்லை அறியாத சொல்லில் கண்டனர். இத்தகைய பெயரைச் சொற்பிரித்துப் பொருள் காண முயலும் மொழிபெயர்ப்பாளர் செடிக்கு இல்லாத ஒரு பயனை அதன்மேல் ஏற்றிவிடக்கூடும்.

3. பொருளொப்புமை தரும் மயக்கம்

ஒலியால் அன்றிப் பொருளால் ஒத்த சொற்கள் மேலும் ஏமாற்றக்கூடியவை. பூநிம்பம் என்னும் வடசொல் பூ (நிலம்), நிம்பம் (வேம்பு) என்னும் இரு கூறுகளால் ஆயது. தமிழில் நிலவேம்பு என்பது இதற்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்த பெயர்ப்பு. மொழிபெயர்ப்புக் கல்வியில் இதனினும் சிறந்த நேர்நிகரனை எடுத்துக்காட்டுதல் அரிது. ஆயினும் வடமொழி நிகண்டு மரபில் பூநிம்பம் என்பது கிராததிக்தத்தின் மறுபெயர். அது இமயமலைப் பகுதியில் வளரும் சுவெர்ட்டியா சிராயிட்டா. தமிழரின் நிலவேம்பு ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. ஆயுர்வேத மருந்தியலில் அதற்குக் காலமேகம் என்று வேறு பெயர் உண்டு. இரண்டும் கடுங்கசப்பின, தாவரக் குடும்பங்களோ வேறு. மராத்தி மொழி இரண்டையும் கிராயித் என்னும் ஒரே அடிச்சொல்லால் வழங்கினும், ஓலே கிராயித் என்றும் காடே சிராயித் என்றும் அடைகொடுத்துப் பிரித்துக்கொள்கின்றது. இவ்வகையில் மராத்தி வழக்கு பட்டியலினும் நுட்பமானது.

2012ஆம் ஆண்டு முதல் டெங்குக் காய்ச்சல் பரவிய காலங்களில் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பரவலாக வழங்கியது. இச்செய்தியைப் பிறமொழிகளில் எழுதுவோர் நிலவேம்பு என்பதைச் சிராயிதா என்று பெயர்ப்பின், படிப்போர் கையில் எடுப்பது மற்றொரு செடியாக இருக்கும்.

4. தாவரவியற் பெயர் இறுதி முடிவாகுமா?

இலத்தீன் பெயரை இட்டுவிட்டால் சிக்கல் தீரும் என்பது பொதுவான நம்பிக்கை. இது ஓரளவே உண்மை. கோஷ்டம், கோட்டம் எனத் தமிழில் வழங்கும் சரக்கு வடமொழியில் குஷ்டம். இச்சொல் கிரேக்கத்திற்கும் அதன்வழி இலத்தீனுக்கும் சென்று காஸ்டஸ் ஆயிற்று. பின்னர்த் தாவரவியலார் காஸ்டஸ் என்னும் பெயரை, இஞ்சியை ஒத்த முற்றிலும் வேறான ஒரு பேரினத்திற்கு இட்டனர். உண்மையான கோட்டமோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்தது. முன்பு சாசுரியா லப்பா எனவும் பின்னர்ச் சாசுரியா காஸ்டஸ் எனவும் வழங்கப்பெற்றது. அதாவது இலத்தீன் பெயரும் மாறும். தன் வரலாற்றால் மயக்கமும் தரும்.

மேலும் மருத்துவ மரபில் பெயர் எப்போதும் ஒரு செடியை மட்டுமே சுட்டுவதன்று. ஒரு சரக்கு கிடைக்காதபோது மற்றொன்றைக் கொள்ளும் பிரதிநிதி முறையைப் பாவப்பிரகாசம் வகுத்துள்ளது. காகோலிக்கு அசுவகந்தமும், மேதைக்குச் சதாவரியும் அவ்வாறு கொள்ளப்படுவன. இங்குக் காகோலி என்னும் சொல் மருந்துக் கூட்டில் ஓர் இடத்தைக் குறிக்கின்றது. அவ்விடத்தை நிரப்பும் செடி மாறலாம். தாவரவியற் பெயருக்கு இந்நெகிழ்ச்சி இல்லை. எனவே முன்னதைப் பின்னதால் ஈடுசெய்தல் பொருண்மையியல் நோக்கிலும் குறையுடையது.

5. விளைவுகள்

பெயர் மயக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்றமை 1993இல் மருத்துவ இதழில் வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூற்றுக்கு மேற்பட்டது. ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா இருக்கவேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா பாங்சி சேர்ந்திருந்தது. சீனத்தில் முன்னது ஹான் பாங்ஜி, பின்னது குவாங் பாங்ஜி. அடை நீங்கிப் பாங்ஜி என்று மட்டும் வழங்கியபோது இரண்டும் ஒன்றாயின.

தமிழ் மரபிலும் இப்பேரினச் செடிகள் உள. ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி ஆகிய இரண்டும் அரிஸ்டலோக்கியாவே. தமிழ்ப் பெயர்கள் அவ்வுறவைக் காட்டுவதில்லை. பாளை என்பது உரோமன் எழுத்தில் குறியீடின்றி எழுதப்படும்போது வெட்பாலை, குடசப்பாலை ஆகியவற்றின் பாலையிலிருந்து வேறுபடுவதுமில்லை. லகர ளகர வேறுபாட்டை விட்டுவிடும் ஒலிபெயர்ப்பு இங்கு வெறும் எழுத்துப்பிழையாகாது.

6. தொகுப்பு முயற்சிகள்

பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட ஹோர்டஸ் மலபாரிகஸ் (1678-1693) செடியின் படத்தோடு உரோமன், மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளில் பெயர்களைப் பொறித்தது. இட்டி அச்சுதன் முதலானோர் கூறிய பெயர்கள் படத்தைச் சுட்டி நின்றமையால் பெயருக்குப் பெயரைச் சமன்செய்யும் தேவை அங்கு எழவில்லை.

2001இல் தொடங்கப்பெற்ற இந்திய மரபறிவு மின்னூலகம் மருத்துவ நூல்களின் செய்முறைகளைக் குறியீடுகளாக்கி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தருகின்றது. மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டமை இதன் தேவையை உணர்த்தியது. இதன் பயன் பெரிது. ஆயின் மஞ்சளுக்குப் பெயர் மயக்கம் இல்லை. சங்கபுஷ்பி போன்ற சொல்லை ஒரே தாவரவியற் பெயராகக் குறியீடாக்கினால், மூலநூலின் ஐயம் ஐந்து மொழிகளிலும் மறைந்துபோகும். பிற வட்டார வழக்குகளுக்குரிய சான்றும் உடன் மறையும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூலிகைப் பெயர்களின் நிரல்கள் நேர்நிகரன்களின் நிரல்கள் ஆகா என்பது பெறப்படும். எனவே மொழிபெயர்ப்பாளரும் அகராதித் தொகுப்பாளரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. மூலப்பெயரை நெடில் குறில், லகர ளகர வேறுபாடுகள் கெடாமல் ஒலிபெயர்த்தல். அது எந்த முறையின், எந்த வட்டாரத்தின் வழக்கு எனச் சுட்டுதல். பயன்படும் உறுப்பு வேரா, இலையா, சமூலமா எனக் கூறுதல். தாவரவியற் பெயரைத் தரும்போது அவ்வாறு இனங்கண்ட நூலையும் உடன் கூறுதல். ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருப்பின் அனைத்தையும் எண்ணிட்டுத் தருதல். காட்டாக, பிராமி என்னும் தலைச்சொல்லின்கீழ் "1. நீர்ப்பிரமி: ஆயுர்வேத மருந்தியல் நூல் வரையறை. 2. வல்லாரை: மராத்தி, இந்திப் பேச்சுவழக்கு" என அமைத்தல் வேண்டும்.

இவ்வமைப்பு பட்டியலை நீளச்செய்யும். அச்சுச் செலவும் கூடும். ஆயினும் மருந்து உண்பவர் நம்பியிருப்பது அப்பட்டியலின் ஒரு வரியையே என்பதால் அந்நீட்சி தகும்.