ஃபைல் ஹிஸ்டரி: வீட்டுக் கணினிக்குத் தானியங்கி பேக்கப்

விண்டோஸில் உள்ள 'ஃபைல் ஹிஸ்டரி', கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குத் தானாகவே நகலெடுத்து வைக்கும் வசதி. 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த இது, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் தனிக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதல் முறை எல்லாவற்றையும் நகலெடுக்கும். அதன்பின் மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும்.

அவிநாசி வட்டத்துச் சேவூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் குடும்பத்தின் கணினியில் பிள்ளைகளின் படங்கள், டேலி கணக்கு, டெலிவரி சலான், எம்ப்ராய்டரி டிசைன் எல்லாம் ஒரே டிஸ்கில் கிடக்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதுவரை ஒரே டிஸ்க் பழுதாகாது என்று நம்பியிருக்க முடியாது.

அமைப்பது எளிது. யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்கை இணைத்து, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, 'டர்ன் ஆன்' அழுத்தினால் போதும். நொடிக்கு 100 எம்.பி. எழுதும் டிஸ்கில் 100 ஜி.பி. ஏறுவதற்குக் கணக்குப்படி 17 நிமிடம். சிறு கோப்புகள் நிறைய இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். பிறகு மணிக்கு ஒருமுறை தானே ஓடும். இந்த இடைவெளியை 10 நிமிடம் முதல் ஒரு நாள் வரை மாற்றலாம். பழைய நகல்களை அழிக்காமல் வைத்திருப்பதே இயல்பான அமைப்பு. டிஸ்க் சிறியதானால் ஓராண்டுக்கு மட்டும் வைக்கச் சொல்லலாம்.

கவனிக்க வேண்டியது ஃபோல்டர் தேர்வு. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தானாகச் சேரும்; டி டிரைவில் போட்ட டிசைன்கள் சேராது. விண்டோஸ் 10-இல் அந்த ஃபோல்டரை நேரடியாகச் சேர்க்கலாம். விண்டோஸ் 11-இல் முதலில் அதை ஒரு 'லைப்ரரி'க்குள் கொண்டுவர வேண்டும். டேலி திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் முழுமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் டேலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி, அதன் சொந்த பேக்கப்பை டாகுமென்ட்ஸில் போட்டால், அடுத்த சுற்றில் அதுவும் டிஸ்க்குக்குப் போய்விடும்.

மீட்பதில் இந்த வசதி மிக நன்று. நாள்வாரியாகப் பின்னோக்கிச் சென்று, தேவையான பதிப்பை எடுக்கலாம். நகல்கள் சாதாரணக் கோப்புகளாக, பெயருடன் தேதியும் நேரமும் சேர்ந்து இருப்பதால், வேறு கணினியிலும் திறக்கும்.

குறைகளும் உண்டு. 1 ஜி.பி. கோப்பில் சிறு திருத்தம் செய்தாலும் முழுக் கோப்பும் மறுபடி நகலாகும். பெரிய டிசைன், வீடியோ வைத்திருப்போருக்கு, கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து மாறிய துண்டை மட்டும் சேமிக்கும் 'டூப்ளிகாட்டி' என்ற இலவச மென்பொருள் பொருந்தும். விண்டோஸையும் அதில் நிறுவிய மென்பொருள்களையும் ஃபைல் ஹிஸ்டரி காக்காது. அவற்றைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' போன்று கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், கணினியோடு இணைந்திருக்கும் பேக்கப் டிஸ்கும் பூட்டப்படும். எனவே இரண்டு டிஸ்குகளை வாரம் மாற்றிப் பயன்படுத்தி, ஓய்விலிருப்பதை வேறு வீட்டில் வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை ஒரு பழைய சலானை வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். அது திறந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.